ராபர்ட் ஓர்ம்: கர்நாடகப் போர்களை எழுதியவரை எவ்வளவு தூரம் நம்பலாம்?

கர்நாடகப் போர்களைப் பற்றியோ பூலித்தேவரைப் பற்றியோ கான் சாகிப் எனப்படும் யூசுப்கானைப் பற்றியோ எந்த நூலைப் புரட்டினாலும் அடிக்குறிப்பில் ‘ஓர்ம்’ என்ற பெயர் தவறாமல் வருகிறதே, அவர் யார், ஒரு கும்பினி (ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனி) ஊழியர் எழுதிய போர் வரலாற்றை நாம் எவ்வளவு தூரம் நம்பலாம் என்று கேட்டிருக்கிறீர்கள். சுருக்கமாகச் சொன்னால், எங்கே, எப்போது, எத்தனை பேர், எந்த வழியாக என்பவற்றுக்கு அவரை நம்பலாம். ஏன் என்று அவர் விளக்கத் தொடங்கும் இடத்தில் புத்தகத்தைச் சற்றுத் தள்ளி வைத்துவிட்டு யோசிக்க வேண்டும். ஆனால் இந்தச் சுருக்கமான பதில் ஓர்முக்கு நியாயம் செய்யாது. தாம் கொண்டிருந்த கருத்துகளுக்கு எதிரான சான்றுகளையும் ஒன்று விடாமல் எழுதி வைத்த வரலாற்றாசிரியர் அவர். அது அவருடைய நேர்மையா, நுணுக்கத்தின் மேல் கொண்ட பித்தா என்பதைப் படிப்பவர்தாம் முடிவு செய்ய வேண்டும்.

ராபர்ட் ஓர்ம் 1728 இல் திருவிதாங்கூர்க் கடற்கரையில் உள்ள அஞ்சுதெங்கில் பிறந்தார். அங்கிருந்த கும்பினிக் கோட்டையில் அவருடைய தந்தை மருத்துவராகவும் பின்னர் தலைமை அலுவலராகவும் இருந்தார். சிறு பிள்ளையாகவே இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு, ஹாரோ பள்ளியில் படித்துவிட்டு, பதினான்கு வயதை ஒட்டிக் கல்கத்தாவுக்குத் திரும்பி, 1743 இல் கும்பினியின் கீழ்நிலை எழுத்தராகச் சேர்ந்தார். ராபர்ட் கிளைவும் இதே எழுத்தர் வேலைக்குத்தான் சென்னைக்கு வந்தவர். இருவரும் நெருங்கிய நண்பர்களாகி, 1753 இல் ஒரே கப்பலில் இங்கிலாந்து சென்றனர். அடுத்த ஆண்டு ஓர்ம் புனித ஜார்ஜ் கோட்டையின் ஆலோசனைக் குழு உறுப்பினராகச் சென்னைக்கு வந்து, 1758 வரை அந்தப் பொறுப்பில் இருந்தார். 1756 இல் கல்கத்தா வங்காள நவாப் சிராஜுத்தௌலாவிடம் வீழ்ந்த செய்தி வந்தபோது, அங்கு அனுப்பும் படைக்குக் கிளைவைத்தான் தலைவராக்க வேண்டும் என்று குழுவில் வலியுறுத்தியவர்களில் அவரே முதன்மையானவர். பிளாசிக்கு இட்டுச் சென்ற முடிவு ஒன்றை மேசையில் அமர்ந்து எடுத்தவர்களில் ஒருவர்தாம் பிற்காலத்தில் அந்தப் போரின் வரலாற்றையும் எழுதினார் என்பதை மறந்துவிடக் கூடாது.

1758 இல் சென்னையை விட்டுக் கப்பலேறியவர் வழியில் பிரெஞ்சுக்காரர்களிடம் சிக்கி மொரீஷியஸ் தீவுக்குக் கொண்டுபோகப்பட்டு, சுற்றி வளைத்து 1760 இல்தான் லண்டன் சேர்ந்தார். அதன் பிறகு அவர் இந்தியாவைப் பார்க்கவே இல்லை. ‘இந்துஸ்தானத்தில் பிரித்தானிய தேசத்தின் படை நடவடிக்கைகளின் வரலாறு’ என்று தமிழில் சொல்லத்தக்க அவருடைய பெருநூலின் முதல் தொகுதி 1763 இலும் இரண்டாம் தொகுதி 1778 இலும் வெளிவந்தன. இடையில் 1769 இல் கும்பினி அவரைத் தன் அதிகாரபூர்வ வரலாற்றாசிரியராக நியமித்தது. 1782 இல் மொகலாயப் பேரரசைப் பற்றியும் மராட்டியரைப் பற்றியும் ஒரு சிறு நூல் வெளியிட்டார். 1801 ஜனவரியில் லண்டனை அடுத்த ஈலிங்கில் இறந்தார். சாமுவேல் ஜான்சனோடும் ஓவியர் ஜோஷுவா ரெனால்ட்ஸோடும் பழகிய, இலக்கியச் சுவை மிகுந்த மனிதர் அவர்.

இதில் முக்கியமானது, ஓர்ம் ஒருநாளும் சிப்பாயாக இருந்தவரல்லர் என்பது. ஆற்காட்டுக் கோட்டைக்குள்ளோ திருச்சிராப்பள்ளிப் பாறைகளுக்கிடையிலோ அவர் துப்பாக்கி பிடித்து நின்றதில்லை. கணக்கும் கடிதமும் பார்த்துப் பழகிய குமாஸ்தாவின் கண்ணோடுதான் போரைப் பார்த்தார். போரில் இருந்த அதிகாரிகளின் நாட்குறிப்புகள், சென்னைக் குழுவின் நடவடிக்கைப் பதிவுகள், ஒற்றர்களின் கடிதங்கள், வரைபடங்கள் எல்லாவற்றையும் திரட்டினார். எதிர்த்தரப்பின் கணக்கைக் கேட்பதற்காகப் பிரான்ஸுக்கே சென்று, தக்காணத்தில் பிரெஞ்சுப் படையை நடத்திய புஸ்ஸியைச் சந்தித்துப் பேசினார். பகைவனிடமே போய் அன்று என்ன நடந்தது என்று கேட்டறியும் இந்தப் பழக்கம் பதினெட்டாம் நூற்றாண்டில் அரிது.

இந்த உழைப்பு பக்கத்தில் எப்படி வந்து நிற்கிறது என்பதற்கு, கிளைவ் கைப்பற்றிய ஆற்காட்டுக் கோட்டையைச் சந்தா சாகிபின் படை சூழ்ந்துகொண்ட 1751 ஆம் ஆண்டின் ஆற்காட்டு முற்றுகையை எடுத்துக்கொள்ளலாம். நம் பாடப்புத்தகங்களில் இது கிளைவின் வீரச்செயலாக இரண்டு வரியில் முடிந்துவிடும். ஓர்ம் முதலில் கோட்டையை அளக்கிறார்: சுற்றளவு ஒரு மைலுக்கு மேல், மதில் பல இடங்களில் இடிந்து கிடக்கிறது, மதிலின் மேல்தளம் பீரங்கியை நிறுத்த முடியாத அளவுக்குக் குறுகல், கொத்தளங்கள் சில பாழடைந்தவை, எதிலும் ஒரு பீரங்கிக்கு மேல் ஏற்ற முடியாது, அகழியில் சில இடங்களில் நடந்தே கடக்கும் அளவுக்குத் தண்ணீர், சில இடங்களில் வறண்ட மண். சென்னையிலிருந்து கிளைவ் அழைத்துச் சென்றவர்கள் 200 ஐரோப்பியரும் 300 சிப்பாய்களும். அதிகாரிகள் எட்டுப் பேரில் ஆறு பேர் அதற்கு முன் சண்டையையே பார்க்காதவர்கள், அந்த ஆறு பேரிலும் நால்வர் கும்பினியின் கணக்கெழுதும் இளைஞர்கள். ஐம்பது நாள் முற்றுகைக்குப் பிறகு, மொஹரம் காலத்தில், இறுதித் தாக்குதல் வந்தபோது உள்ளே நிற்கும் நிலையில் இருந்தவர்கள் 80 ஐரோப்பியரும் 120 சிப்பாய்களும் மட்டுமே.

அந்தத் தாக்குதலை அவர் சொல்லும் விதம் இன்றும் மலைக்க வைக்கிறது. நெற்றியில் இரும்புத் தகடு பூட்டிய யானைகளைக் கோட்டைக் கதவை முட்டித் தகர்ப்பதற்காக முன்னால் ஓட்டி வருகிறார்கள். துப்பாக்கிக் குண்டு பட்டதும் அவை திரும்பி, பின்னால் வந்த தம் ஆட்களையே மிதித்துக்கொண்டு ஓடுகின்றன. அகழியில் ஒரு தெப்பத்தை இறக்கி அதில் எழுபது பேர் மதில் உடைப்பை நோக்கி வருகிறார்கள். பீரங்கிக்காரர்கள் குறி தவறிச் சுடுவதைப் பார்த்த கிளைவ் தாமே பீரங்கியைப் பிடித்து மூன்று நான்கு வெடிகளில் தெப்பத்தைக் குலைத்துவிடுகிறார். ஒரு மணி நேரச் சண்டையில் உள்ளே இருந்தவர்கள் சுட்ட தோட்டாக்கள் 12,000. தாக்கியவர்களில் மாண்டோரும் காயம்பட்டோருமாக 400 பேர். காத்தவர்கள் பக்கம் மாண்டவர்கள் நான்கு ஐரோப்பியர்கள், காயம்பட்டவர்கள் இரண்டு சிப்பாய்கள்.

இங்கே ஒரு சிறு செய்தியைத்தான் நான் சுட்டிக்காட்ட விரும்புகிறேன். தாக்கிய படையை முன்னின்று நடத்திய சிப்பாய்த் தலைவர் உடைப்பிலேயே விழுந்துவிட்டார். அவர்மேல் அவருடைய ஆட்களுக்கு அவ்வளவு பற்று. அவர்களில் ஒருவன் அகழியைக் கடந்து வந்து, நாற்பது துப்பாக்கிகளின் குறிக்கு நேரே தன்னை நிறுத்தி, உடலைத் தூக்கிக்கொண்டு உயிரோடு திரும்பிவிட்டான் என்று ஓர்ம் எழுதுகிறார். கிளைவின் வெற்றியைச் சொல்லும் கதைக்கு இந்த வரி தேவையே இல்லை. எதிரியின் பெயரறியாத ஒரு சிப்பாயைப் பற்றிய வரி அது. யாரோ ஒருவர் நாட்குறிப்பில் எழுதியிருந்ததையோ நேரில் சொன்னதையோ ஓர்ம் விட்டுவிட மனமில்லாமல் சேர்த்திருக்க வேண்டும்.

இதே மனிதர் 1752-53 இல், அதாவது இருபத்துநான்கு இருபத்தைந்து வயதில், இந்துஸ்தானத்தின் அரசையும் மக்களையும் பற்றி எழுதிய கட்டுரையில் என்ன சொன்னார் என்பதைப் பார்த்தால்தான் நான் சொல்வதன் பொருள் விளங்கும். மென்மையான தட்பவெப்பம், மிகக் குறைவான தேவைகள், அதிக உழைப்பில்லாமலே விளைந்து தரும் மண் இவற்றால் இந்தியர்கள் உலகிலேயே மிகவும் வலிமை குன்றிய, பெண்தன்மை கொண்ட மக்களாக ஆகிவிட்டார்கள் என்பது அந்தக் கட்டுரையின் கருத்து. அவர் இறந்த பிறகு 1805 இல் அச்சான இந்த எழுத்து, பிற்காலத்தில் ஆங்கிலேயர்கள் இந்தியரைப் பற்றி ஓயாமல் ஒப்பித்த பாடத்துக்கு முன்னோடிகளில் ஒன்று. அஞ்சுதெங்கில் பிறந்தவர், அந்த மண்ணின் தட்பவெப்பம் தம்மையும் என்ன செய்திருக்கும் என்று யோசித்தாரா என்று கேட்கத் தோன்றும். அது கிடக்கட்டும். பொதுக் கருத்தாக எழுதும்போது இப்படிப் பேசியவர், ஒரு குறிப்பிட்ட நாளை, ஒரு குறிப்பிட்ட மதிலை, ஒரு குறிப்பிட்ட சிப்பாயை எழுத உட்கார்ந்ததும் அந்தக் கருத்துக்கு இடமே கொடுப்பதில்லை. ஆகவே அவருடைய பொதுக் கூற்றுகளை அவர் காலத்து மனநிலைக்குச் சான்றாகவும், தனிச் செய்திகளை நிகழ்ச்சிக்குச் சான்றாகவும் பிரித்துப் படிக்க வேண்டும். இரண்டையும் ஒரே தட்டில் வைத்து நிறுத்தால் ஏமாந்துபோவோம்.

திருச்சிராப்பள்ளியைப் பற்றிய பகுதிகள்தாம் நூலின் உயிர் என்பது என் கருத்து. இன்று ரயில்வே பணிமனையால் அறியப்படும் பொன்மலை அவருடைய பக்கங்களில் 1753 கோடையில் ஒரு பாறைக்காக நடந்த உயிர்ப்போராட்டமாக நிற்கிறது. ஸ்ரீரங்கத்தின் ஏழு மதில்களை அவர் ஒரு பொறியாளரைப்போல உயரம், கனம், இடைவெளி என்று குறிக்கிறார், ஏனென்றால் பிரெஞ்சுக்காரர்களுக்கு அது கோயிலாக இல்லாமல் கோட்டையாகப் பயன்பட்டது. அதே ஆண்டு நவம்பர் இறுதியில் விடியலுக்கு முன் பிரெஞ்சுக்காரர்கள் 600 பேர் ஏணி வைத்து, ஆங்கிலேயர் காத்துவந்த திருச்சிராப்பள்ளி நகரின் வெளிமதிலில் இருந்த, டால்டன் என்ற அதிகாரியின் பெயரால் வழங்கிய பீரங்கி மேடையில் ஏறிவிட்டார்கள். ஓசையில்லாமல் உள்மதிலையும் கடப்பது திட்டம். ஆனால் மேடைக்குப் பின்னால் இருந்த முப்பது அடி ஆழக் குழியில் சிலர் இருட்டில் விழுந்து அலற, மற்றவர்கள் மேடையிலிருந்த பீரங்கிகளை நகரை நோக்கித் திருப்பி வெடித்து, முரசடித்து, தங்கள் மன்னர் வாழ்க என்று கூவ, ஊரே விழித்துக்கொண்டது. இரண்டு மதில்களுக்கிடையே எலிப்பொறியில் மாட்டியதுபோல் மாட்டிக்கொண்டவர்களில் முந்நூறுக்கும் மேற்பட்டோர் சிறைப்பட்டனர். ஒரு நகரத்தின் விதி ஒரு குழியில் தொங்கியது என்பதை ஓர்ம் அலங்காரமில்லாமல் சொல்லிவிட்டு அடுத்த நாளுக்குப் போய்விடுகிறார்.

பூலித்தேவரைத் தேடி வருபவர்கள் கவனிக்க வேண்டியது 1755 ஆம் ஆண்டின் பகுதி. அப்போது ஓர்ம் சென்னைக் குழுவில் இருந்தார். ஆகவே இது அவர் மேசைக்கு நேராக வந்த விவகாரம். கும்பினிப் படையின் கர்னல் ஹெரான் ஆற்காட்டு நவாபின் அண்ணன் மாபூஸ்கானோடு மதுரை, திருநெல்வேலிச் சீமைகளுக்கு வரி தண்டப் புறப்பட்ட கதையில், மதுரைக்கு அருகில் கோவில்குடிக் கோயிலை எரித்துச் சூறையாடி விக்கிரகங்களை அள்ளிக்கொண்டது, ஒரு சிறு கோட்டையில் பெண்கள் குழந்தைகள் உட்பட அகப்பட்டவர்களைப் படை வெட்டித் தீர்த்தது, பூலித்தேவரின் நெற்கட்டுஞ்செவ்வல் கோட்டையின் முன் பெரிய பீரங்கி இல்லாமல் நின்று வெறுங்கையோடு திரும்பியது என எதையும் அவர் மறைக்கவில்லை. திரும்பும் வழியில் நத்தம் கணவாயில் கள்ளர்கள் படையின் பின்பகுதியை மறித்துப் பாய்ந்து, ‘சாமி, சாமி’ என்று கூவியபடி தங்கள் விக்கிரகங்களை மீட்டுக்கொண்டு போனார்கள். ஆங்கில நூலின் நடுவே இந்த ‘சாமி, சாமி’ என்ற ஓசையைக் கேட்கும்போது, கணவாயின் இரு பக்கக் காடும் கண்முன் வந்துவிடும். ஹெரான் பின்னர் இராணுவ நீதிமன்றத்தில் நிறுத்தப்பட்டுப் பதவி இழந்தார் என்பதால் அவர்மேல் பழிபோடுவது குழுவினருக்கு வசதியாகவும் இருந்தது என்பதையும் சேர்த்தே எண்ணிப் பார்க்க வேண்டும். அப்படைக்கு உத்தரவு கொடுத்தது சென்னை.

கான் சாகிபைப் பொறுத்தவரை ஓர்ம் இல்லாவிட்டால் அவருடைய முற்பகுதி வாழ்க்கை நமக்குப் பாதி இருட்டாகவே இருந்திருக்கும். 1754 இல் திருச்சிராப்பள்ளிக்கு அரிசியும் தளவாடமும் கொண்டுவரும் வண்டித் தொடர்களைக் காத்தவர் யூசுப்கான். அவர் துணிவும் உறுதியும் உடையவர், ஆனால் சண்டையில் பதற்றமில்லாதவர், எச்சரிக்கையானவர், தந்திரம் அறிந்தவர், எதிரியின் நடமாட்டத்தை எப்போதும் ஒற்றறிந்து வைத்திருந்தவர் என்று ஓர்ம் எழுதுவது, அவர் எந்த ஆங்கிலத் தளபதிக்கும் கொடுக்கும் பாராட்டுக்குக் குறைந்ததல்ல. இரண்டாம் தொகுதி வெளிவந்த 1778 க்குள் யூசுப்கான் கும்பினிக்கும் நவாபுக்கும் எதிராக மதுரைக் கோட்டையைப் பிடித்து வைத்துப் போரிட்டு, 1764 அக்டோபரில் தூக்கிலிடப்பட்டு, பதினான்கு ஆண்டுகள் ஆகியிருந்தன. ஓர்மின் கதையோ 1761 இல் புதுச்சேரியும் செஞ்சியும் வீழ்ந்ததோடு நின்றுவிடுகிறது. நாம் கட்டாயம் கேட்க விரும்பும் கேள்விக்கு முன்னால் நூல் முடிந்துவிடுகிறது.

ஏன் நின்றது என்பதற்கு அவரே 1760களில் படையில் இருந்த ஒரு நண்பருக்கு எழுதிய கடிதத்தில் விடை சொல்லியிருக்கிறார். பிளாசிக்கு முன்பிருந்தே ஒவ்வொரு நிகழ்ச்சியோடும் ஒட்டிக்கொண்டு வந்த அந்தப் பாழாய்ப்போன ‘அன்பளிப்பு’ப் பணந்தான் என் வரலாற்றை நிறுத்துகிறது, பணத்தின் கதையைச் சொல்லாமல் விட்டால் காரணங்களை மறைத்தவனாவேன், சொன்னால் என் நாட்டாரின் இழிவுக்கு நானே நினைவுச்சின்னம் எழுப்ப வேண்டும் என்பது அதன் சாரம். கிளைவோடு இருந்த நட்பும் காலப்போக்கில் முறிந்தது. இப்படி எழுதியவர் பின்னர் இரண்டாம் தொகுதியில் வங்காளத்தையும் எழுதத்தான் செய்தார். ஆனால் படைகள் எங்கே நடந்தன என்பதில் இருக்கும் வெளிச்சம் பணம் எங்கே நடந்தது என்பதில் இல்லை. நான் முதலில் ‘ஏன்’ என்ற கேள்வியில் எச்சரிக்கை வேண்டும் என்றது இதனால்தான்.

இன்னொரு குறை, அவருடைய காது தமிழ் கேட்காதது. சரியாக அதே ஆண்டுகளை, அதே கடற்கரையிலிருந்து, ஆனந்தரங்கப் பிள்ளை தமிழில் நாள்தோறும் எழுதிக்கொண்டிருந்தார். அவருடைய நாட்குறிப்பு 1736 முதல் 1761 வரை செல்கிறது. புதுச்சேரி வீழ்வதற்கு நான்கு நாள் முன்பு அவர் இறந்தார். அந்த ஏடுகள் 1846 வாக்கில்தான் கவனத்துக்கு வந்தன என்பதால் ஓர்ம் அவற்றைப் பார்த்திருக்க வழியில்லை. ஓர்மிடம் படை நகர்வு கிடைக்கும். அந்த நகர்வைக் கேட்டு ஊர் என்ன பேசியது, வணிகர்கள் எதைக் கண்டு அஞ்சினார்கள், புதுச்சேரியின் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்ஸின் மாளிகையில் யார் யாரைப் பற்றிக் கோள் சொன்னார்கள் என்பதெல்லாம் பிள்ளையிடம் கிடைக்கும். இருவரையும் அருகருகே வைத்துப் படிக்கும்போது ஒரு சிக்கல் வரும்: 1752 செப்டம்பர் வரை ஆங்கிலேயர் பழைய நாட்காட்டியைப் பின்பற்றியதால் அவர்கள் தேதி பிரெஞ்சுத் தேதியை விடப் பதினொரு நாள் பின்தங்கியிருக்கும். 1746 இல் மாபூஸ்கானின் பெரும்படையைச் சிறிய பிரெஞ்சுப் படை அடையாற்றில் தோற்கடித்தது ஒரு நூலில் அக்டோபர் 24 என்றும் இன்னொன்றில் நவம்பர் 4 என்றும் இருப்பது முரண்பாடல்ல, ஒரே நாள்தான். நூற்றாண்டுக்கும் மேலாக மொகலாய அதிகாரிகளின் படையை வெல்ல முடியாது என்று ஐரோப்பியர்களுக்கு இருந்த மாயை அன்று உடைந்தது என்று ஓர்ம் சொன்னதைத்தான் பின்வந்தவர்கள் எல்லோரும் திருப்பித் திருப்பிச் சொல்கிறார்கள்.

படிக்க எடுப்பவர்களுக்குப் பெயர்களும் தொல்லை தரும். ‘நெல்லிடங்கவில்லே’ என்று அவர் எழுதுவது நெற்கட்டுஞ்செவ்வல். ‘காலரீஸ்’ என்பவர்கள் கள்ளர்கள். ‘கட்டபோமிநாய்க்’ நமக்குத் தெரிந்த பாஞ்சாலங்குறிச்சிக் கட்டபொம்மனின் முன்னோர். வாய்விட்டுப் படித்தால் பெரும்பாலும் ஊர் பிடிபட்டுவிடும். பக்கத்தில் ஒரு மாவட்ட வரைபடம் இருப்பது நல்லது. நூல் நீளம் என்று கேள்விப்பட்டிருப்பீர்கள். ஆங்கில வரலாற்றாசிரியர் மெக்காலே 1840 இல் கிளைவைப் பற்றி எழுதிய கட்டுரையில், நடையிலும் காட்சியை வரைவதிலும் ஓர்ம் எவருக்கும் குறைந்தவரல்லர் என்று பாராட்டிவிட்டு, நாற்பத்தெட்டு மணி நேரத்துக்கு ஒரு பெரிய பக்கம் என்ற கணக்கில் எழுதுவதால் அவரை இப்போது யாரும் படிப்பதில்லை என்று குறைபட்டுக்கொண்டார். மெக்காலேக்குச் சலிப்பூட்டிய அந்த நாற்பத்தெட்டு மணி நேரக் கணக்குதான் நம் ஊர்களைத் தேடுபவருக்கு வரமாக அமைகிறது. சென்னையிலேயே 1861 இல் மறுபதிப்பான தொகுதிகள் பழைய நூலகங்கள் சிலவற்றில் உண்டு.

அச்சான நூலை விடவும் பெரிய கொடை அவர் கும்பினிக்கு விட்டுச்சென்ற இருநூறுக்கும் மேற்பட்ட கையெழுத்துத் தொகுதிகள். இப்போது அவை லண்டனில் பிரித்தானிய நூலகத்தில் இருக்கின்றன. நாட்குறிப்புகள், போர்க்களத்திலிருந்து வந்த கடிதங்கள், வரைபடங்கள், அவர் நூலில் பயன்படுத்தாமல் விட்ட துண்டுச் செய்திகள் எல்லாம் அவற்றில் அடக்கம். அவற்றுக்குப் பட்டியல் தயாரிக்கும் வேலை சாமுவேல் சார்ல்ஸ் ஹில் என்ற ஆய்வாளரிடம் வந்தது. பட்டியல் 1916 இல் வெளிவந்தது. அதற்கு இரண்டு ஆண்டுகள் முன்பே, 1914 இல், அதே ஹில் யூசுப்கானைப் பற்றி ஒரு தனி வரலாறு எழுதி வெளியிட்டிருந்தார். கான் சாகிபைப் பற்றி இன்று நாம் எழுதும், பேசும் செய்திகளில் பெரும்பகுதி அந்த நூலின் வழியாக வந்தது. ஆகவே அடிக்குறிப்பில் ஹில் என்று கண்டால், அந்தச் செய்தி ஓர்மின் பெட்டியிலிருந்து வந்ததா, குழுவின் பதிவுகளிலிருந்து வந்ததா என்று ஒருமுறை பாருங்கள்.